ரெண்டு மாசம் கையில வச்சு பாத்த ஹார்ட் மாடல் செட்: இதயம் சூப்பர், ட்யூப் போர்டு சொதப்பல்

முதல்லயே ஒன்ன ஒத்துக்கிறேன், இந்த செட்ட நான் ஒரு தடவ ரிட்டர்ன் பண்ணேன், தப்பு முழுக்க என் மேல தான். அத அப்புறம் சொல்றேன்.

அக்கா பையனுக்கு பயாலஜில ரத்த ஓட்டம் பாடம் வந்துச்சு. புக்ல இருக்கிற படத்த அப்படியே மனப்பாடம் பண்ணி, கேட்டா கண்ண மூடிக்கிட்டு ஒப்பிக்கிறான், நடுவுல நிறுத்தி "சரிடா, நுரையீரல்ல இருந்து வந்த ரத்தம் அடுத்து எங்க போகும்"னு கேட்டா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறான். சரி கையில தொட்டு பாத்தாலாவது மண்டைல ஏறும்னு ஆன்லைன்ல தேடி இந்த செட் வாங்கினேன். பாக்ஸ்ல மூணு ஐட்டம். நெஜ சைஸ விட ரெண்டு மடங்கு பெருசா, நாலு பீஸா கழட்டுற மாதிரி ஒரு ஹார்ட் மாடல். ரப்பர் பல்ப், பைப், தண்ணி எல்லாம் வச்சு ரத்த ஓட்டம் காட்டுற ஒரு போர்டு. அப்புறம் ஒரு சின்ன புக்லெட். மூணையும் ஒரே ரேட்டிங்ல அடக்க முடியாது, அவ்ளோ வித்தியாசம்.

ஹார்ட் மாடல் நல்லா இருக்கு, உண்மையிலயே நல்லா இருக்கு. பீஸ் எல்லாம் காந்தத்துல ஒட்டும், முன்பக்கத்த கழட்டினா நாலு அறையும் தெரியும். படத்துல பாக்கும்போது நாலு அறையும் ஏதோ நாலு ரூம் வீடு மாதிரி ஒரே அளவா தானே இருக்கும், இதுல விரல உள்ள விட்டு பாத்தா தான் வித்தியாசம் புரியுது. வலது வென்ட்ரிக்கிள், அதாவது கீழ் அறை, சுவர் மெல்லிசு, இடது வென்ட்ரிக்கிள் சுவர் அதுல மூணு மடங்கு தடிப்பு. பையன் ரெண்டு கை கட்டைவிரலயும் ஒவ்வொரு பக்கமா வச்சு சுவர கிள்ளி பாத்துட்டு "ஏன் மாமா இந்த பக்கம் மட்டும் இவ்ளோ மொத்தம்"னு அவனாவே கேட்டான். இந்த ஒரு கேள்விக்கே காசு செரிச்சிடுச்சு எனக்கு. வலது பக்கம் பக்கத்துலயே இருக்கிற நுரையீரலுக்கு தான் தள்ளணும், அங்க பிரஷர் 25க்கு 10 மாதிரி தான், இடது பக்கம் தலைல இருந்து கால் விரல் வரைக்கும் தள்ளணும், நாம பிபி 120க்கு 80னு சொல்றது இந்த பக்கத்து கணக்கு. வேலை ஜாஸ்தி, அதனால தசை ஜாஸ்தி, அவ்ளோ தான்.

இன்னொரு குழப்பமும் இதுல தீந்துச்சு. மாடல் நம்மள பாத்து நிக்கும்போது அதோட இடது நமக்கு வலது. படத்துலயும் அப்படி தான், ஆனா பேப்பர்ல சொன்னா பசங்களுக்கு ஏற மாட்டேங்குது. மாடல எடுத்து அவன் நெஞ்சுல வச்சு அப்படியே பிடிச்சேன், ஒரு செகண்ட்ல முடிஞ்சுச்சு. கூடவே ஹார்ட் இடது பக்கம் இல்ல, நடுவுல தான், நுனி மட்டும் இடது பக்கமா சாஞ்சு இருக்குன்றதும் அவனுக்கு புரிஞ்சுது.

இப்ப ரிட்டர்ன் கதை. வந்த அன்னிக்கே எல்லாத்தயும் கழட்டி பாத்தேன். வலது ஏட்ரியம், அதாவது மேல் அறை உள்ள, ரெண்டு ஏட்ரியத்துக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல, கட்டைவிரல அமுக்கி எடுத்த மாதிரி ஒரு பள்ளம். மோல்டிங் சரியில்ல, காயறதுக்குள்ள யாரோ விரல வச்சுட்டாங்கன்னு முடிவே பண்ணிட்டேன். போட்டோ எடுத்து வட்டம் போட்டு அனுப்பினேன், அவங்களும் எதுவும் கேக்காம மோல்டிங் டிஃபெக்ட் தான் சார் சாரின்னு சொல்லி புதுசு அனுப்பிட்டாங்க. புதுசு வந்துச்சு, திறந்தா அதே இடத்துல அதே பள்ளம். மறுபடி போட்டோ எடுக்க போகும்போது தான் பள்ளத்து ஓரத்துல பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கிறத பாத்தேன், புக்லெட்ல அந்த நம்பருக்கு நேரா ஃபோஸா ஓவாலிஸ்னு போட்டிருக்கு. அது டிஃபெக்ட் இல்லீங்க, என் நெஞ்சுலயும் உங்க நெஞ்சுலயும் இருக்கிற பள்ளம் அது.

வயித்துக்குள்ள குழந்தை இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை கிடையாது, ஆக்ஸிஜன் தொப்புள்கொடி வழியா அம்மா கிட்ட இருந்து வந்துடுது, அதனால நுரையீரல் பக்கம் சும்மா ரத்தத்த சுத்த விடாம வலது ஏட்ரியத்துல இருந்து நேரா இடது ஏட்ரியத்துக்கு போக அந்த சுவர்ல ஒரு ஓட்டை இருக்கும். பொறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரல் விரிஞ்சு ரத்தம் அந்த வழியா பாஞ்சு வந்து இடது பக்கம் பிரஷர் ஏறும், ஏறினதும் ஓட்டைக்கு இடது பக்கம் தொங்குற சவ்வு கதவு மாதிரி வந்து ஒட்டி அடைச்சுக்கும். அந்த அடைபட்ட இடம் தான் பள்ளமா நிக்குது. நாலு பேர்ல ஒருத்தருக்கு அது முழுசா ஒட்டாமலே இருக்குமாம், பெரும்பாலானவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. இவ்ளோ விஷயம் இருக்கிற ஒரு இடத்த நான் டேமேஜ்னு கம்ப்ளைன்ட் பண்ணிருக்கேன், அவங்களும் தான் விக்கிற பொருள் என்னன்னு தெரியாம சாரி கேட்டிருக்காங்க. விரல் அளவு விஷயத்த கூட விடாம மோல்ட்ல கொண்டு வந்திருக்காங்கன்னா செஞ்சவங்களுக்கு ஒரு சலாம்.

குறைன்னு பாத்தா வால்வு. நெஜத்துல ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் நடுவுல இருக்கிற வால்வு இதழ்கள கீழ இருந்து நூல் நூலா நரம்பு மாதிரி இழுத்து பிடிச்சிருக்கும், இல்லாட்டி வென்ட்ரிக்கிள் அழுத்தற வேகத்துக்கு காத்துல குடை மடங்குற மாதிரி இதழ் மேல் பக்கமா திரும்பிடும். இந்த மாடல்ல அந்த நூல் எல்லாம் சுவரோட ஒட்டி ஒரு வரம்பு மாதிரி இருக்கு, தனியா தெரியல. அது என்ன வேலை செய்யுதுன்னு வாயால தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. பின்பக்க பீஸோட காந்தம் வேற வீக், தூக்கினா விழுது.

கலர் அடிச்சது சரி, அதுவும் பையன் தப்புன்னு சண்டைக்கு வந்தான். வலது வென்ட்ரிக்கிள்ல இருந்து நுரையீரலுக்கு போற ஆர்ட்டரி நீலம், நுரையீரல்ல இருந்து திரும்பி வர்ற வெயின் சிவப்பு. "ஆர்ட்டரின்னா சிவப்பு தானே மாமா?" இல்லடா, இதயத்துல இருந்து வெளிய போனா ஆர்ட்டரி, உள்ள வந்தா வெயின், உள்ள ஓடுற ரத்தத்துக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்ல. இந்த குழப்பத்துக்கு அந்த புக்லெட்டும் ஒரு காரணம், "தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம்"னு நாங்க படிச்ச காலத்து வரிய அப்படியே போட்டிருக்காங்க. அசுத்தம் என்ன அசுத்தம்? சும்மா உக்காந்திருக்கும்போது உடம்பு சுத்திட்டு திரும்பி வர்ற ரத்தத்துல முக்கால்வாசி ஆக்ஸிஜன் இன்னும் அப்படியே தான் இருக்கு. நீலமும் கிடையாது. ரத்த தானம் பண்றவங்க கிட்ட எடுக்கிறது வெயின்ல இருந்து தான், பை நிரம்பும்போது பாருங்க, கருஞ்சிவப்பு.

சரி, ட்யூப் போர்டு. இத டிசைன் பண்ணவர ஒரு நாள் பாத்தா கேக்கணும்.

ரெண்டு ரப்பர் பல்ப், ஒன்னு வலது இதயம், இன்னொன்னு இடது இதயம், ஒவ்வொன்னுலயும் ஒரு வழியா மட்டும் விடுற குட்டி வால்வு. ஒரு பிளாஸ்டிக் பை நுரையீரலாம், இன்னொரு பை உடம்பாம். கலர் பொடி ரெண்டு, சிவப்பு ஒன்னு நீலம் ஒன்னு. இது வரைக்கும் ஓகே. ஆனா நீல தண்ணி வலது பல்ப்ல கிளம்பி நுரையீரல் பைக்கு போய் திரும்பவும் வலது பல்புக்கே வருது, சிவப்பு தண்ணி இடது பல்ப்ல கிளம்பி உடம்பு பைக்கு போய் திரும்ப இடது பல்புக்கே வருது. ரெண்டும் ஒன்ன ஒன்னு தொடவே இல்ல! பையன் பத்து நிமிஷம் ஆசையா அமுக்கி விளையாடிட்டு "அப்ப உடம்புல ரெண்டு வகை ரத்தம் இருக்கா மாமா"ன்னான். கலர் கலக்க கூடாதுன்னு பாத்திருக்காங்க, பாடத்த கோட்ட விட்டுட்டாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, உடம்புல ரெண்டு வகை ரத்தம் தனித்தனியா இருக்குன்றது ரெண்டாம் நூற்றாண்டுல கேலன்னு ஒரு கிரேக்க மருத்துவர் சொன்னது. ஈரல்ல ரத்தம் ஊறி ஊறி வெயின் வழியா போய் உடம்புல செலவாயிடும், கொஞ்சம் மட்டும் ரெண்டு வென்ட்ரிக்கிளுக்கும் நடு சுவர்ல இருக்கிற கண்ணுக்கு தெரியாத துளை வழியா இடது பக்கம் கசியும்னார். பதிமூணாம் நூற்றாண்டுல இப்னு அல் நஃபீஸ்னு ஒரு அரபு மருத்துவர் அந்த சுவர்ல துளையே இல்ல, ரத்தம் நுரையீரல் வழியா தான் போயாகணும்னு எழுதிட்டார், இருந்தும் ஐரோப்பால கேலன் சொன்னது தான் வேதம். அப்புறம் 1628ல இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி கணக்கு போட்டார், ஒரு துடிப்புக்கு எவ்ளோ ரத்தம்னு வேணும்னே ரொம்ப குறைச்சலா வச்சு பெருக்கினாலும் அரை மணி நேரத்துல வெளிய தள்றது உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்த விட ஜாஸ்தி வருது, இவ்ளோவும் எங்க ஊறும், எங்க போகும்? அப்ப அதே ரத்தம் தான் சுத்தி சுத்தி வரணும். இன்னிக்கு கணக்குல ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு, கிட்டத்தட்ட 5 லிட்டர். உடம்புல இருக்கிற ரத்தமும் ஏறக்குறைய அவ்ளோ தான். ஆக இந்த போர்டு ஹார்விக்கு முந்தின மாடல், வாங்குறவங்களுக்கு அத யாரும் சொல்லல.

நாங்க என்ன பண்ணோம்னா, ரெண்டு பைல இருந்தும் திரும்பி வர்ற பைப்போட முனைய மட்டும் கழட்டி மாத்தி மாட்டிட்டோம். நுரையீரல் பைல இருந்து வர்றது இடது பல்புக்கு, உடம்பு பைல இருந்து வர்றது வலது பல்புக்கு. பைப் சைஸ் ஒன்னுக்கொன்னு சேரல, டேப் சுத்தி தான் நிக்குது, முதல் தடவ கலர் தண்ணி கழட்டாம பண்ணிட்டேன், எல்லாம் ஊதா ஆகி தரை முழுக்க ஊதா. ரெண்டாவது தடவ எல்லாத்தயும் கழுவிட்டு சிவப்பு மட்டும் போட்டோம். இப்ப பாருங்க, வலது பல்ப், நுரையீரல், இடது பல்ப், உடம்பு, மறுபடி வலது, ஒரே வட்டம். எட்டு போட்ட மாதிரி ஓடுது.

இதுக்கப்புறம் நடந்தது தான் எனக்கு பிடிச்சது. பையன் ரெண்டு கைலயும் மாத்தி மாத்தி அமுக்கிட்டு இருந்தான், இடது கை வலிச்சு பல்ப அமுக்கினபடியே பிடிச்சுக்கிட்டான், வலது கை மட்டும் ஓடுது. ஒரு நாலஞ்சு அமுக்கு, நுரையீரல் பை உப்பி டிம்முனு நிக்குது, உடம்பு பை சுருங்கி போச்சு. நான் எதுவுமே சொல்லல, அவனே பாத்துட்டு விட்டுட்டான். இதயத்தோட இடது பக்கம் பலவீனமானவங்களுக்கு படுத்தா மூச்சு வாங்குறதும் வலது பக்கம் பலவீனமானவங்களுக்கு கால் வீங்குறதும் இதே கதை தான், தள்ள முடியாத ரத்தம் பின்னாடி தேங்குது. ரெண்டு பக்கமும் பிரஷர் வேற வேறயா இருந்தாலும் தள்ளுற அளவு ஒன்னா இருக்கணும்ன்றத எந்த படமும் இவ்ளோ சட்டுனு காட்டாது. கை வலிச்சதுக்கு ஒரு நிமிஷம் ஆகல, நெஜ இதயம் நாளைக்கு ஒரு லட்சம் தடவ செய்யுதுன்னு சொன்னதும் பல்ப ஒரு மாதிரி பாத்தான்.

போர்டுல கேப்பிலரின்னு, ஆர்ட்டரியயும் வெயினயும் இணைக்கிற ரொம்ப மெல்லிய குழாய், ஒன்னு கிடையவே கிடையாது, பை தான் எல்லாம். அத மன்னிச்சிடலாம், ஹார்வியாலயே அத பாக்க முடியல, ஆர்ட்டரில போனது வெயினுக்கு எப்படி வருதுன்னு தெரியாமலே 1657ல போயிட்டார், நாலு வருஷம் கழிச்சு 1661ல மல்பீகின்னு ஒரு இத்தாலி மருத்துவர் தவளை நுரையீரல்ல மைக்ராஸ்கோப் வழியா பாத்தார். சிவப்பணு வரிசைல ஒன்னொன்னா நெளிஞ்சு போற அளவு சின்ன குழாய், பிளாஸ்டிக்ல எப்படி காட்டுவான்.

ரேட்டிங்னா ஹார்ட் மாடலுக்கு அஞ்சுக்கு நாலரை, வால்வுக்காக அரை கட். போர்டுக்கு வந்தபடி ஒன்னு, மாத்தி மாட்டினதுக்கப்புறம் நாலு, ஆனா அந்த மூணு எங்களுக்கு வர வேண்டிய மார்க். புக்லெட் நம்பர் பாக்க மட்டும். தனித்தனியா கிடைச்சா ஹார்ட் மட்டும் வாங்குங்க, செட்டா தான் வாங்குறீங்கன்னா சைஸ் மாத்துற ஜாயின்ட் ரெண்டு முன்னாடியே எடுத்து வச்சுக்கோங்க, அந்த நீல பொடி பாக்கெட்ட பிரிக்காதீங்க. அப்புறம் ஏட்ரியம் உள்ள பள்ளம் இருக்கும், ரிட்டர்ன் போட்டுடாதீங்க.