கன்னத்தில் போட்ட நூல்: 14 மாதம் கழித்து

எனக்கு 51 வயது. மேற்கு மாம்பலத்தில் 22 வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். துணி தொய்ந்தால் டக் பிடிப்பேன். தாடையோரம் தொங்க ஆரம்பித்த தோலுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, திரெட் லிஃப்ட் என்று பெயர் என்றார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று போன வருஷம் ஆனி மாதம் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். பக்கத்துக்கு 4 நூல், 52,000 ரூபாய்.

நூலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், தொழில் புத்தி. உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் செதுக்கிய முள். பிடிஓ என்கிறார்கள், ஆபரேஷனில் உள்தையலுக்குப் போடும் அதே கரையும் நூல். நெற்றிப்பொட்டில் மரத்துப்போக ஊசி, முடியோரம் ஒரு துளை, அதன் வழியே மழுங்கிய நுனிக் குழாய் கன்னத்துக்குள் இறங்கியது. வலிக்கவில்லை. ஆனால் நூலை இழுக்கும்போது காதுக்குள் ‘கறக், கறக்’ என்று சத்தம். அதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

அப்புறம் 3 வாரம் மல்லாந்துதான் தூக்கம், குழைந்த ரசம் சாதம், பல் டாக்டர் பக்கமே போகக் கூடாது. கொட்டாவி வந்தால் தாடையைக் கையால் தாங்கிக்கொள்வேன். நாத்தனார் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டீங்களா?” என்றாள். ஆமாம் என்றுவிட்டேன்.

இடது வாயோரம் திண்டில் பொத்தான் தைத்த இடம் மாதிரி ஒரு குழி விழுந்தது. மருத்துவர் விரலால் நீவிவிட்டார். கொஞ்ச நாளில் சமமாகிவிட்டது. வலது பக்கம் சீப்பு பட்டால் 2 மாதம் சுருக்கென்று குத்தியது.

மூன்றாவது மாதம்தான் முகம் நன்றாக இருந்தது. எதையோ செய்துகொண்ட முகமாக இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்த முகம். நூல் ஆறேழு மாதத்தில் கரைந்துவிடும், அதைச் சுற்றி ஊறும் கொலாஜன், அதாவது தோலுக்கு விறைப்புக் கொடுக்கும் புரதம், இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றார்கள். தாங்கியது. இப்போது, நூல் போடுவதற்கு முன் எடுத்த போட்டோவை வைத்துப் பார்த்தால், தாடைக் கோடு கிட்டத்தட்ட பழையபடி தொங்கத்தான் செய்கிறது.

டக் என்று நினைத்தது என் தப்பு. டக் பிடித்தால் மிச்சத் துணி மடிப்புக்குள் போய்விடும். இங்கே மிச்சத் தோல் எங்கேயும் போகவில்லை; மேலே தள்ளி குண்டூசி குத்தி வைத்ததோடு சரி. வெட்டித் தைப்பது ஃபேஸ்லிஃப்ட், அது பெரிய ஆபரேஷன். நன்றாகத் தொங்கிப்போன தோலுக்கு இந்த நூல் காசுக்குப் பிடித்த கேடு.

தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். போட்டோவுக்காக இன்னொரு தடவை போட்டுக்கொள்ளலாமா என்று மனசு அலைகிறது. போட்டால் தீபாவளி ரவிக்கை நெருக்கடி முடிந்த கையோடு போட்டுவிட வேண்டும். கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுக்க வாய் திறக்க வேண்டாமா?