ஒருமுறை பணம் திரும்பி வந்ததை வைத்து நம்பிவிடாதீர்கள்

மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கும் என் அக்காள் கணவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ₹11 லட்சத்துக்கும் மேல் ஒரு போலிப் பங்கு வர்த்தகச் செயலியில் பறிகொடுத்திருக்கிறார். புகார் கொடுக்க அவருடன் அலைந்ததில் நான் தெரிந்துகொண்டவற்றை நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

முகநூல் விளம்பரம் ஒன்றைத் தொட்டதும் அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அங்கே ‘பேராசிரியர்’ என்று ஒருவர் தினமும் மாலையில் பங்குச் சந்தைப் பாடம் எடுத்தார். அவருடைய உதவியாளர் என்ற பெண் தமிழிலேயே ‘அண்ணா’ என்று அழைத்து நலம் விசாரித்தார். மற்றவர்கள் தங்கள் லாபக் கணக்கைப் படமெடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு வழியாகச் சலுகை விலையில் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்லி, பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு செயலியை லிங்க் மூலம் இறக்க வைத்தார்கள். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2024-லேயே எச்சரித்திருக்கிறது.

அத்தானுக்கும் சந்தேகம் வராமல் இல்லை. அதனால்தான் முதலில் ஐயாயிரம் ரூபாயைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். “மறுநாளே பேங்க்குக்கு வந்துடுச்சே தம்பி” என்று இன்றும் சொல்கிறார். அந்த ஐயாயிரம்தான் தூண்டில். 2012-ல் பெருந்துறை ஈமு கோழி முதலீட்டுத் திட்டங்கள் கவிழ்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அங்கே கண்ணால் பார்க்கக் கோழியாவது இருந்தது. இங்கே திரையில் தெரிந்த லாபம், எங்கோ ஒருவன் தட்டச்சு செய்த எண் மட்டுமே. உங்கள் பெயரில் உண்மையிலேயே பங்கு வாங்கப்பட்டிருந்தால் அது, பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற இரண்டு வைப்பகங்களில் ஒன்றில் பதிவாகியிருக்கும்; வாங்கிய மாதத்துக்கான அறிக்கை உங்கள் பான் எண்ணின் பேரில் அவர்களிடமிருந்தே வரும். பணத்தை எடுத்துப் பார்ப்பதைவிட அந்த அறிக்கையைக் கேட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

பணம் அனுப்பிய ரசீதுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. ஒருமுறை துணிக்கடையின் நடப்புக் கணக்கு, அடுத்த முறை லாரி சர்வீஸின் கணக்கு, பிறகு யாரோ ஒரு தனிநபரின் பெயர். பதிவு பெற்ற தரகர் எவரும் இப்படி மாற்றி மாற்றிக் கணக்கு எண் தரமாட்டார். 2025 அக்டோபர் முதல் செபியில் பதிவு பெற்றவர்களுக்கு ‘வேலிட்’ என்ற சொல் இடம்பெறும் தனி யுபிஐ முகவரி வழங்கப்படுகிறது என்பதால், அனுப்புவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

பிறகு ஐபிஓ, அதாவது ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் வெளியீடு, வந்தது. கேட்டதைவிடப் பல மடங்கு பங்கு ஒதுக்கப்பட்டுவிட்டதாகவும், மீதித் தொகையைக் கட்டாவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்றும் மிரட்டினார்கள். உண்மையான ஐபிஓவில் விண்ணப்பித்ததைவிட அதிகமாக ஒதுக்கமாட்டார்கள். ஒதுக்கீடு முடியும்வரை பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டிருக்கும். கடைசியில், லாபத்தை எடுக்க 20% வரியை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். குறுகிய கால மூலதன ஆதாய வரியின் விகிதமும் அதுவே என்பதால் கேட்பவருக்கு உண்மைபோலவே படும். ஆனால் அந்த வரியை நாம் வருமான வரித் துறைக்கு நேரடியாகக் கட்டுகிறோம். எந்தச் செயலியும் அதை வசூலித்த பிறகே பணம் தருவேன் என்று சொல்ல முடியாது.

இப்படி நேர்ந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் அடையாள எண்ணான யுடிஆர் எண்ணையும் கையில் வைத்திருங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் வங்கியால் அதை நிறுத்தி வைக்க முடியும். எங்கள் புகாரில் கடைசியாக அனுப்பிய தொகையின் ஒரு பகுதி மட்டுமே அப்படி நிறுத்தப்பட்டிருக்கிறது.

புகார் கொடுத்த சில நாட்களில், இழந்த பணம் முழுவதையும் மீட்டுத் தருவதாகவும் அதற்குப் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றும் அத்தானுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவருக்கு அவர் இழந்த தொகை ரூபாய் கணக்காகத் தெரிந்திருந்தது. அந்த எண்ணையும் சைபர் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறோம்.