பன்றித் தீவனத்தில் கலக்கும் பொடிகள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

வெண்பன்றிப் பண்ணை வைத்திருந்தால் போதும், புதுப் பொடியோடு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எல்லாமே "எடை ஏத்தும் சார்" ரகம்தான். சில வருடங்களாகப் பலதையும் கலந்து பார்த்ததில், நான் விடாமல் வாங்குவது ஆசிடிஃபையர் எனும் அமிலப் பொடியை. அதுவும் பால் மறக்கடித்த குட்டிகளுக்கு, முதல் சில வாரங்களுக்கு மட்டும்.

அந்த வயதில் குட்டியின் இரைப்பையில் அமிலம் போதுமான அளவு சுரக்காது. பால் குடிக்கும்வரை, பாலின் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறி அதை ஈடுகட்டும். பால் நின்றதும் அந்தத் துணையும் போய்விடுகிறது. சோயாப் புண்ணாக்கு பாதி செரித்தும் செரிக்காமலும் குடலுக்கு இறங்க, அங்கே ஈ-கோலை எனும் கிருமி பெருகிக் கழிச்சல் பிடிக்கும். தாயிடமிருந்து பிரித்த நாலைந்து நாளில் வால் அடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும், முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும், குட்டி தொட்டிப் பக்கமே வராது. ஃபார்மிக், சிட்ரிக் அமிலம் உள்ள பொடி கலக்க ஆரம்பித்த பிறகு இது வெகுவாகக் குறைந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரே ஈத்துக் குட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்வதுதான். நோஞ்சானுக்காகக் காத்திருக்காமல் ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம். குறை என்றால், மூட்டையைப் பிரித்ததும் நெடி மூக்கில் ஏறும். தகரத் தொட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

லைசின் வேறு கதை. கறி வளரத் தேவையான புரதத்தின் ஒரு கூறு அது (அமினோ அமிலம்). மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு மூன்றிலுமே அது குறைவு. இவற்றை மட்டும் நம்பினால் பன்றி தின்றுவிட்டுக் கொழுப்பைத்தான் போடும், கறி ஏறாது. சோயா விலை ஏறும்போது கொஞ்சம் லைசின் சேர்ப்பது கைகொடுக்கிறது.

ஃபைட்டேஸ் எனும் நொதிப் பொடி நல்ல சரக்குதான். தானியத்தில் கட்டுண்டிருக்கும் பாஸ்பரஸை அது விடுவிக்கும். ஆனால் தீவனத்தில் பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டிசிபியை (டைகால்சியம் பாஸ்பேட்) குறைத்தால்தானே அதில் மிச்சம்? தாது உப்புக் கலவையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டே இதையும் வாங்குவது தண்டம். ஓட்டல் மிச்சத்தை வேகவைத்துப் போடுபவர்கள், ஆறிய பிறகுதான் ப்ரோபயாடிக் கலக்க வேண்டும். கொதிக்கிற அண்டாவில் கொட்டினால் அதிலுள்ள நல்ல கிருமிகள் செத்துவிடும். ஆறவைத்துக் கலந்தும் என் பன்றிகளிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வளர்ச்சிக்கென்று ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே நிறுத்திவிட்டது. கறிக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் எனும் ஆன்டிபயாடிக் கூடாது என்று இந்திய அரசும் 2019ல் தடை போட்டது. அப்புறமும் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாமல் "குரோத் பவுடர்" பாக்கெட்டுகள் வருகின்றன. லேபிளில் பொருளும் அளவும் இல்லையென்றால் இலவச சாம்பிளைக்கூட நான் வாங்குவதில்லை.