14 கிலோவிலிருந்து 7 கிலோவுக்கு: என் ஆறு வருட ட்ரெக்கிங் அனுபவம்

முதல் ஐந்து நாள் நடைக்குக் கிளம்பியபோது, சாப்பாடும் தண்ணீரும் சேர்க்காமலே என் பை 14 கிலோ இருந்தது. இப்போது அதே ஐந்து நாளுக்கு 7 கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. பாதியாகக் குறைக்க ஆறு வருடம் ஆனது. அதில் இரண்டு வருடம், குறைக்கக் கூடாத இடத்தில் எடையைக் குறைத்தே போனது.

சாப்பாடு, தண்ணீர், கேஸ் என்று நடக்க நடக்கத் தீர்ந்துபோவதை விட்டுவிட்டு மீதியை நிறுத்தால் வருவதுதான் அடிப்படை எடை. அது 4.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் அல்ட்ராலைட் என்பார்கள். அந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதிப் பாருங்கள். டூத்பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டினால் சில கிராம்தான் மிச்சம். கூடாரத்தை மாற்றியதில் எனக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தது.

நான் செய்த பெரிய தப்பு, பையை முதலில் வாங்கியது. ஃப்ரேம் இல்லாத 800 கிராம் பை, உள்ளே பழைய கனமான சாமான்கள். அப்படிப்பட்ட பையில் பத்து கிலோவைத் தாண்டினால் பாரம் இடுப்புக்கு இறங்காது, தோளிலேயே தொங்கும். இரண்டாம் நாள் மாலையில் பட்டை அழுத்திய இடமெல்லாம் தோல் கன்றிப்போயிருந்தது. முதலில் கூடாரம், அப்புறம் படுக்கை, கடைசியில் அவை கொள்ளும் அளவுக்கு ஒரு பை. இதுதான் சரியான வரிசை.

படுக்கை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மூன்றாம் வருடம் ஒற்றைத் துணிக் கூடாரம் ஒன்று வாங்கி, காற்றே இல்லாத ஓர் இரவில் ஆற்றோரப் புல்வெளியில் அடித்தேன். விடியற்காலை நான்கு மணிக்குக் கால் குளிர்ந்து விழிப்பு வந்தது. மூச்சின் ஈரம் முழுக்கக் கூடாரத் துணியில் நீராகப் படிந்து, அதில் உரசிய ஸ்லீப்பிங் பேக்கின் கால்பகுதி நனைந்திருந்தது. விரலால் தடவினால், உள்ளே வாத்துத் தூவி சிறு சிறு உருண்டையாகத் திரண்டு கிடந்தது. உருண்டைகளுக்கு நடுவே இரண்டு துணியும் ஒட்டிக்கொண்டிருந்தன. தூவி உப்பி நின்றால்தான் சூடு. இப்போது ஆற்றோரத்தை விட்டுச் சற்று மேட்டில், மரத்தடியில் அடிக்கிறேன்; இரு பக்கமும் காற்று போக வழி விடுகிறேன். தூவிப் பையை மாற்றவில்லை. செயற்கை இழைப் பை நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்தான், ஆனால் அதே சூட்டுக்குக் கனம் அதிகம்.

அடியில் விரிக்கும் மேட் விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். உடம்புக்கு அடியில் தூவி நசுங்கிவிடும், அங்கே குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். அதன் ஆர் மதிப்பை (R-value, குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு) பார்த்து வாங்குங்கள். இரண்டு மேட்டை ஒன்றின் மேல் ஒன்று போட்டால் மதிப்பும் கூடும். குளிர்காலத்தில் நான் அப்படித்தான் படுக்கிறேன்.

கனமான பூட்ஸிலிருந்து ஓட்டக்காரர்களின் ட்ரெயில் ஷூவுக்கு மாறத் தயங்கிக்கொண்டிருந்தேன். 1955-இல், 67 வயதில், எம்மா கேட்வுட் தானே தைத்த துணிப்பையும் சாதாரண கேன்வாஸ் ஷூவுமாக அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையின் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தனியாக நடந்து முடித்ததைப் படித்தபின் மாறினேன். பனியில்லாத பாதையில் இனி பூட்ஸ் போடமாட்டேன்.

இனி சாப்பாடு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. அதனால் பாதாம், நிலக்கடலை, ஆலிவ் எண்ணெய் எல்லாம் எடைக்கு நல்ல லாபம். நாளுக்கு 600 கிராம், 100 கிராமுக்குச் சராசரி 450 கலோரி என்று கணக்குப் போட்டால் 2,700 கிடைக்கும்; எனக்கு அது போதுகிறது. ஆனால் முதலில் கணக்கை மட்டும் பார்த்து, எனர்ஜி பாரும் உலர்பழமுமாக நிரப்பினேன். மூன்றாம் நாள் நாக்கு இனிப்பைத் தொடவே மறுத்தது. பசியோடு நடந்து, 1.4 கிலோவை அப்படியே திரும்பச் சுமந்து வந்தேன். இப்போது பாதிக்குப் பாதி உப்பும் புளிப்பும் காரமும்தான். மாலையில் வேகவைத்து உலர்த்திய சோறோ உருளைக்கிழங்கு மாவோ, கூட உலர்ந்த காய்கறி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய். வெந்நீர் ஊற்றி, பாத்திரத்தைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் தயார்; ஸ்டவ் எரிய வேண்டியது நீர் கொதிக்கும் வரை மட்டுமே. மூடி போட்டு, காற்றை மறைத்துக் கொதிக்க வைத்தால் 100 கிராம் கேஸ் எனக்கு ஐந்து நாள் வருகிறது. ஸ்டவ்வையே விட்டுவிட்டு குளிர்ந்த நீரில் ஊறவைத்தும் ஒரு சீசன் சாப்பிட்டேன். நாள் முழுக்க மழையில் நடந்த பிறகு அது இறங்கவில்லை.

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அடுத்த ஊற்று எங்கே என்று வரைபடத்தில் பார்த்து வைத்தால் ஒரு கிலோ மிச்சம். வடிகட்டி 100 கிராம்கூட இல்லை, ஆனால் ஒருமுறை உறைந்தால் உள்ளே உள்ள நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குளிரும் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

மழைச்சட்டை, முதலுதவி, ஹெட்லாம்ப், காகித வரைபடம் இந்த நான்கிலும் கை வைக்கவே இல்லை.

ஒவ்வொரு நடை முடிந்ததும் பையைத் தரையில் கொட்டி, தொடாத பொருட்களைத் தனியே ஒதுக்குகிறேன். போன முறை சாப்பாட்டுப் பையில் மிஞ்சியது ஒரு கைப்பிடி பாதாமும் ஒரு சூப் பொட்டலமும். ஒருவேளை தாமதமானால் இருக்கட்டும் என்று கூடுதலாக எடுத்துப்போனது அது. அடுத்த முறையும் எடுத்துப்போவேன்.