டிஃப்யூசர் மாட்டி நாலரை வருஷம், 52,000 கிலோமீட்டர்

காரின் பின் பம்பருக்கு அடியில் மாட்டுகிற டிஃப்யூசரை அழகுக்காகத்தான் வாங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என்னுடையது டொயோட்டா 86. 2 லிட்டர் பாக்ஸர் இஞ்சின், பின்சக்கர டிரைவ், இரண்டு பக்கமும் ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வாய். பின்னால் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டு வாய்க்கும் நடுவில் நாலு ஃபின், அதாவது செங்குத்துத் தகடு, தொங்கினால் எப்படி இருக்கும் என்று ஒரே ஏக்கம். டவுன்ஃபோர்ஸ் (காற்று காரைத் தரையோடு அழுத்துவது), நிலைத்தன்மை என்பதெல்லாம் வீட்டில் கேட்டபோது சொன்ன சமாதானம்.

வாங்கியது, இருக்கிற பம்பரைக் கழற்றாமல் அதன் கீழ்ப்பகுதியோடு சேர்த்து முடுக்குகிற வகை. பெட்டியைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க ஃபைபர்கிளாஸ், வெளியே தெரிகிற பக்கத்தில் மட்டும் ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி. விற்றவர்கள் ஏமாற்றவில்லை. சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், படம் பார்த்த ஆசையில் நான்தான் படிக்கவில்லை. தராசில் 3.8 கிலோ. எடை குறைக்கிற பொருள் என்று நினைத்து எடை கூட்டிக்கொண்ட முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன்.

மாட்டுவதற்கு ஒரு மதியம் போதும் என்றார்கள். எனக்கு இரண்டு வார இறுதிகள் ஆயின, அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. முதல் நாள் ஒரு துளைகூடப் போடவில்லை. பம்பரின் கீழ்விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, டிஃப்யூசரை ஜாக்கியும் பலகையும் வைத்துத் தாங்கவிட்டு, சுற்றிச் சுற்றிப் பார்த்ததோடு சரி. இடது பக்கம் இடைவெளி 2 மி.மீ., வலது பக்கம் 9 மி.மீ. கையால் வார்த்த ஃபைபர்கிளாஸ் பொருள் எல்லாமே கொஞ்சம் கோணல்தான். அதை அமுக்கிப் பிடித்து ஸ்க்ரூ போட்டால் அன்றைக்கு உட்கார்ந்துவிடும், ஆனால் அந்த இழுவிசை உள்ளேயே தங்கி ஒருநாள் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து விரிசலாக வெளியே வரும். அதனால் இடது மூலையை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்தேன். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் கட்டாயம். முதல் பத்து நிமிஷம் அரைக்கைச் சட்டையில் தேய்த்ததற்கு மூன்று நாள் கை அரித்தது.

துளை போடும்போது டேப்பின் மேலேயே குறி வைத்து, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 6 மி.மீ. எடுத்தவுடன் பெரிய பிட்டை வைத்தால் மேல் பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும்.

இவ்வளவு பொறுமையாகச் செய்தவன் கோட்டைவிட்டது ஒரே விஷயத்தில்தான்: பெட்டியோடு வந்த எட்டு ஸ்க்ரூக்களை அப்படியே நம்பினேன். நேராக பம்பர் பிளாஸ்டிக்குக்குள் ஏறுகிற வகை, கூடவே ஒரு சுருள் இருபக்க டேப். நாலு மாதம் சத்தமில்லை. பிறகு வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒன்று. டிக்கியில் ஜாக்கி ஆடுகிறது என்று நினைத்து அதைத் துணி சுற்றி வைத்தேன். சத்தம் போகவில்லை. கீழே படுத்து ஃபின்னைப் பிடித்து ஆட்டினால் வலது பக்கம் மொத்தமாக விரல் அகலம் அசைகிறது. ஸ்க்ரூவைக் கழற்றினேன். கழற்றினேன் என்ன, விரலாலேயே வந்துவிட்டது. வட்டமாக இருந்த துளை அரிசி மணி மாதிரி நீண்டிருந்தது, சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் தூள்.

காரணம் யோசித்தால் எளிது. பம்பர் என்பது வெறும் தோல். கார் குலுங்கும்போது அதுவும் நெளியும். அதில் நாலு கிலோவைத் தொங்கவிட்டு ஓடினால், காற்று தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் இருப்பது 120-ல் நாலு மடங்கு. அத்தனையும் எட்டு ஸ்க்ரூ முனையில்.

பம்பரின் உள்ளே பாடியில் ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளோடு சேர்த்து இரண்டு எல்-பட்டைத் தாங்கிகள் செய்து போட்டேன். பம்பருக்குப் பின்னால் இருக்கிற மோதல் பீமில் மட்டும் துளை போடாதீர்கள், அது அடி வாங்குவதற்காக இருக்கிற உறுப்பு. டிஃப்யூசரின் எடை இப்போது தாங்கிகளில் நிற்கிறது, பம்பரோடு இருக்கிற ஆறு 6 மி.மீ. போல்ட்டும் இடத்தில் பிடித்து வைப்பதோடு சரி. ஒவ்வொன்றின் அடியிலும் அகலமான ரப்பர் வாஷர், பின்னால் நைலான் வைத்த லாக் நட். துளைகளைப் பக்கவாட்டில் 2 மி.மீ. நீட்டிவிட்டேன், சூட்டில் பம்பர் விரியும்போது இடம் வேண்டும் என்பதற்காக. அதன் பிறகு நாலு வருஷமாகச் சத்தமே இல்லை.

இனி எல்லோரும் கேட்கிற கேள்வி. வேலை செய்கிறதா?

இரண்டாம் வருஷம், பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ஒரு டிராக் நாளில் இதை எனக்கே நிரூபித்துக் காட்ட ஆசை வந்தது. பத்து சென்டிமீட்டர் கம்பளி நூல் துண்டுகள் முப்பதைச் சின்ன டேப்பால் டிஃப்யூசரின் அடிப்பக்கத்திலும் ஃபின்களிலும் ஒட்டினேன். பின்னால் வந்த காரிலிருந்து நண்பன் வீடியோ எடுத்தான். காற்று ஒட்டி ஓடினால் நூலெல்லாம் சீவிய தலைமுடி மாதிரி ஒரே திசையில் படிந்து கிடக்க வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் எடுத்த வீடியோவில் ஓரத்து நூல்கள் பைத்தியம் பிடித்த மாதிரி சுழல்கின்றன. டயரின் பின்னால் கலங்கி வரும் காற்று அது. நடுவில் இருந்தவை இன்னும் மோசம். சில நூல்கள் காரின் முன்பக்கம் பார்த்து மடிந்திருந்தன. காற்று அந்த இடத்தில் ஒட்டவே இல்லை, பிரிந்து சுருண்டு திரும்பி வருகிறது. "டேய், பாராசூட்டை நாலாக் கிழிச்சு கட்டிட்டு ஓடுறடா" என்றான் நண்பன்.

அவன் சொன்னது பாதிக்கு மேல் சரி. டிஃப்யூசரின் வேலை, காருக்கு அடியில் வேகமாக ஓடிவரும் காற்றை மெல்ல மெல்ல விரியவிட்டு வெளியே அனுப்புவது. விரிகிற இடம் ஒழுங்காக இருந்தால்தான் அதற்கு முன்னால், தரைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில், காற்று இன்னும் வேகமெடுத்து அழுத்தம் குறைந்து காரைக் கீழே இழுக்கும். அதற்கு இரண்டு நிபந்தனை. முன்னாலிருந்து வரும் அடித்தட்டு தட்டையாக இருக்க வேண்டும். ஏறும் கோணம் நிதானமாக இருக்க வேண்டும், பொதுவாக 7 முதல் 15 டிகிரிக்குள். என் காரில் டிஃப்யூசருக்குச் சற்று முன்னால் குறுக்கே கிடப்பது பெரிய சைலன்சர். டிஃப்யூசரின் கோணத்தைப் போனில் இருக்கிற மட்டமானியை வைத்து அளந்தேன். 21 டிகிரி. பார்ப்பதற்கு வெறியாக இருக்க வேண்டும் என்று வடிவமைத்தவர், காற்றிடம் கேட்கவில்லை.

இந்தச் சின்ன வடிவத்துக்கு எவ்வளவு சக்தி உண்டு என்று பார்க்க 2009 ஃபார்முலா 1 சீசன் போதும். இரட்டைத் தட்டு டிஃப்யூசரோடு வந்த பிரான் அணியில் ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை ஜெயித்தார். மற்ற அணிகள் புகார் கொடுத்து, அது செல்லும் என்று தீர்ப்பு வந்த பிறகு எல்லோரும் அடித்துப் பிடித்துக் காப்பியடித்தார்கள். தொடக்கத்திலேயே அந்த வகை டிஃப்யூசர் வைத்திருந்த மூன்று அணிகளில் டொயோட்டாவும் ஒன்று. என் காருக்கும் அதற்கும் உள்ள உறவு பெயர்ப்பலகையோடு சரி என்பதும் தெரியும்.

வெப்பத்தைப் பற்றி யாரும் எனக்கு எச்சரிக்கவில்லை. எக்ஸாஸ்ட் ரப்பர் தொங்கிகளில் ஆடிக்கொண்டிருக்கிற பொருள். வண்டி நிற்கும்போது குழாய்க்கும் டிஃப்யூசருக்கும் நடுவில் 8 மி.மீ. இடைவெளி தாராளமாகத் தெரிந்தது. கியரைக் குறைத்து உதறி ஓட்டும்போது குழாய் எவ்வளவு நகரும் என்று யோசிக்கவில்லை. அதே டிராக் நாளன்று மதியம் ஒரு கருகல் வாசனை. வலது வாய்க்கு மேலே டிஃப்யூசர் விளிம்பில் பிறை வடிவத்தில் பழுப்புத் தழும்பு, தொட்டால் மெத்தென்று இருந்தது. ஃபைபர்கிளாஸைப் பிணைக்கிற பசைதான் ரெசின்; அறை வெப்பத்தில் இறுகும் ரெசின்கள் பல 60, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். விளிம்பை வெட்டி இடைவெளியை 25 மி.மீ. ஆக்கினேன், உள்பக்கம் வெப்பத்தைத் திருப்பும் அலுமினியத் தாள் ஒட்டினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. தெரிந்தவர்கள் குனிந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாம் வருஷம் வந்தது வேறு மாதிரி நோய். மேல்விளிம்பில் அலுமினிய ரிவெட் நட் (துளையிலேயே இறுகி உட்காரும் நட்) வைத்திருந்த இரண்டு இடத்தில் வெள்ளை மாவு பூத்திருந்தது. கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரிதான். அரிபடுவது அலுமினியம். துருப்பிடிக்காத எஃகு நட் மாற்றி நைலான் வாஷரால் பிரித்துவிட்டேன், அதோடு நின்றது.

கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, மஞ்சளித்தது எதிர்பார்த்ததுதான். நிழலில் நிற்கும் கார் என்றாலும் மேல்முகம் மட்டும் பழைய புகைப்படம் மாதிரி ஆனது. பாலிஷ் போட்டதில் ஒரு மாதம் ஏமாற்றிக்கொண்டேன். பிறகு தேய்த்து, புறஊதாத் தடுப்பு உள்ள கிளியர் அடித்தேன், இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கிற வகை.

சின்னச் சின்னது சில. நடைமேடை விளிம்பில் ரிவர்ஸ் எடுத்ததில் ஒரு ஃபின்னின் நுனி போனது, ரெசின் வைத்து ஒட்டினேன். இழுவைக் கொக்கி மாட்டும் ஓட்டையை டிஃப்யூசர் மறைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள், நடுவிலுள்ள விளக்கும் நம்பர் பிளேட்டும் அப்படியே. இன்ஷூரன்ஸுக்கு நான் எழுதித் தெரிவித்துவிட்டேன்.

இன்றைக்கு வாங்கினால் கார்பனைத் தேட மாட்டேன், ஏபிஎஸ் பிளாஸ்டிக் போதும். அடிபட்டால் வளைந்து திரும்பும், பொருளே கறுப்பு, மஞ்சளிக்க மேலே பூச்சே கிடையாது.

கிளியர் அடிக்கக் கழற்றியபோது பத்து நாள் டிஃப்யூசர் இல்லாமல் ஓட்டினேன், துளைகளில் ரப்பர் அடைப்பான் செருகிக்கொண்டு. தினம் போகிற அதே சாலை, அதே நீள வளைவு, அதே வேகம். காதைத் தீட்டிக்கொண்டு, இருக்கையில் முதுகை ஒட்டிக்கொண்டு, வித்தியாசம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் நிறுத்திவிட்டு இறங்கி நடக்கும்போது பழக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என்னவோ செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது கார். பதினோராம் நாள் காலையிலேயே எடுத்து மாட்டிவிட்டேன்.