திருகுக் கூம்பின் அடியில் சுற்றிக்கொள்ளும் நார்

லோடரில் மாட்டியிருக்கும் திருகுக் கூம்பின் ஆயில் சீலை, அதாவது மோட்டாரின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, மூன்றாவது முறையாக மாற்றி முடித்த அன்றே, நண்பர் ஒருவர் அழைத்து, "மரம் பிளக்கும் கூம்பை டிராக்டருக்கு வாங்கலாமா, லோடருக்கு வாங்கலாமா?" என்று கேட்டார். நகக்கண்ணில் கிரீஸ் போகாத நேரம் அது. "எதற்குமே வாங்காதீர்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது நியாயமான பதில் அல்ல. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில், அதாவது எஞ்சின் விசையை வெளிக்கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டில், மாட்டும் கூம்பை ஆறு ஆண்டுகளும், லோடரின் கையில், எண்ணெய் அழுத்தத்தால் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாரோடு மாட்டும் கூம்பை நான்கு ஆண்டுகளும் பயன்படுத்தியவன் என்ற முறையில் அவருக்கு நிதானமாகச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கூம்பு வேலை செய்வதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்புத் தட்டவில்லை. நுனியில் உள்ள மரை பட்டையைக் கவ்விய கணத்திலிருந்து நாம் தள்ள வேண்டியதே இல்லை; கூம்பு தன்னைத் தானே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, தடித்த பகுதி உள்ளே போகப் போக நார்களை இருபுறமும் விலக்குகிறது, பிறகு கட்டையின் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடி, காய்ந்த மரமாக இருந்தால் படீரென்ற சத்தத்தோடு கட்டை இரண்டாகிறது. சம்மட்டியும் இரும்பு ஆப்பும் வைத்து இரண்டு பேர் அரை நாள் போராடும் அடிமரத்தை, லோடரின் இருக்கையில் உட்கார்ந்தபடியே சில நிமிடங்களில் தூக்கக்கூடிய துண்டுகளாக்கிவிட முடிகிறது. கட்டையை யாரும் கையால் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. கிடந்த இடத்திலேயே பிளந்துவிடலாம் என்பதுதான் இதை வாங்கியபோது நான் எதிர்பார்க்காத பெரிய லாபம்.

எங்கே குத்துவது என்பது மட்டும் பழகப் பழகத்தான் வரும். வெட்டுமுகத்தில் அல்ல, கட்டையின் பக்கவாட்டில் குத்த வேண்டும். நீளமான கட்டை என்றால் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்கி, விரிசலைப் பின்பற்றி நகர வேண்டும். நடுவில் குத்தினால் இரண்டு பக்கத்து நாரும் சேர்ந்து கூம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மண் ஒட்டிய பட்டை நுனியை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய நுனி கவ்வாமல் ஒரே இடத்தில் சுற்றி, கருகிய வாசனை வரும். அப்போது அழுத்திப் பயனில்லை. முக்கோண அரத்தால் மரையைத் தேய்த்துக் கூர்மைப்படுத்தினால் சரியாகிவிடுகிறது. நுனி தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பதும் நல்ல வசதி.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். பச்சை மரத்தில், அதிலும் தைலமரம்போல் நார் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் மரத்தில், கட்டை சுத்தமாக இரண்டாகப் பிரிவதில்லை. பிரிந்த இரண்டு பாதிகளுக்கும் இடையே நீளநீளமான சிறாய்கள் தொங்கிக்கொண்டிருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் கூம்பு அவற்றை இழுத்துத் தன் அடிப்பகுதியில், அதாவது மோட்டாரின் தண்டு வெளியே வரும் இடத்தில், கயிறு திரிப்பதுபோல் திரித்துச் சுற்றிவிடுகிறது. வெளியே தெரியும் நாரை எதிர்த்திசையில் சுற்றவிட்டுக் கழற்றிவிடலாம். ஆனால் முதலில் சுற்றிய அடுக்கு அதற்குள் கூம்புக்கும் சீலுக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து, மேலே சுற்றிய நார்களால் அழுத்தப்பட்டு, மரக்கட்டையைப் போலவே கெட்டியாகிவிடுகிறது. அதை எதிர்த்திசைச் சுற்று ஒன்றும் செய்வதில்லை.

இந்த முறை மெக்கானிக் கூம்பைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு கரிய வளையம் வந்தது. எண்ணெயில் ஊறி, தோல்வார்போல் பளபளத்த அந்த வளையத்தைக் கத்தியால் அறுத்தபோதுதான் அது முழுவதும் மரநார் என்று தெரிந்தது. சீலின் ரப்பர் உதடு ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்து போயிருந்தது. சீல் உட்காரும் இடத்தில் தண்டிலும் நகத்தால் தடவினால் தெரியுமளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இவ்வளவு கனமான இரும்பைச் செய்தவர்கள், அந்த இடைவெளியை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு வளையத்தையும், சுற்றும் நாரை அறுத்துவிடும் ஒரு நிலையான தகட்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் மூன்று பழுதும் வந்திருக்காது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தவறு முழுவதும் அவர்களுடையது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாதி பிளந்த கட்டைக்குள் கூம்பை வைத்தபடியே லோடரின் கையைப் பக்கவாட்டில் அசைத்து, கடப்பாரைபோல் நெம்பிப் பிரிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அந்தப் பக்கச்சுமை முழுவதும் மோட்டாரின் வெளிப்புற பேரிங்கின்மீது விழுகிறது. பேரிங் தளர்ந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் சீல் தாங்காது. முதல் பழுதில் என் நெம்பலுக்கும் பங்கு உண்டு. பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஆனால் நார் விடவில்லை.

டிராக்டரில் மாட்டிய கூம்போ ஆறு ஆண்டுகளில் ஒரு ரூபாய் பழுதுச்செலவும் வைக்கவில்லை. அதில் மோட்டாரும் இல்லை, குழாயும் இல்லை. நார் சுற்றினாலும் கெடுவதற்கு அங்கே மென்மையான பொருள் எதுவும் கிடையாது. எந்திரமாக மதிப்பிட்டால் அதுவே சிறந்தது. விசையைப் பொறுத்தவரை லோடர்தான் மேல். என் மோட்டாரின் ஒரு சுற்றுக் கொள்ளளவு 400 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் எண்ணெய் போனால் கூம்பு 150 முறை சுற்றும். 200 பார் அழுத்தத்தில், கணக்குப்படி, சுமார் 1,270 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். 50 குதிரைத்திறனை பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் முழுவதுமாகக் கொடுத்தாலும் அது 650 அளவில்தான் நிற்கும். ஆனால் நான் டிராக்டர் கூம்பைக் கழற்றி வைத்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு அல்ல.

லோடரில் கூம்பு சிக்கினால், எண்ணெய் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறந்து கூம்பு நின்றுவிடும். நெம்புகோலை மாற்றினால் எதிர்த்திசையில் சுற்றி வெளியே வந்துவிடும். பி.டி.ஓ.வில் எதிர்த்திசை கிடையாது. ஒருநாள், கணு நிறைந்த ஒரு குட்டைக் கட்டை பிளவாமல் கூம்பில் மாட்டிக்கொண்டு, சுழலாமல் தடுக்கும் தாங்குகம்பியிலிருந்து நழுவி, கூம்போடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. இருக்கையில் இருந்தவர் உடனே கிளட்சை மிதித்துவிட்டார். அப்படியும் அது நிற்பதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றி, டிராக்டரின் கீழ் இணைப்புக் கம்பியில் மோதி அதை வளைத்தது. கட்டையை வைத்துவிட்டு நான் ஓரடி பின்வாங்கியிருந்தேன். அந்த ஓரடிதான் இடைவெளி. ஆப்பு வகைப் பிளப்பான்களுக்கு ஈ.என். 609-1 என்றும் திருகு வகைக்கு ஈ.என். 609-2 என்றும் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரநிலையைத் தனித்தனியாக எழுதியிருப்பது அன்றைக்குப் பிறகு எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை. தொங்கும் நாரைக் கையால் இழுத்துவிடத் தோன்றும் ஆசை டிராக்டர் கூம்பின் அருகில் நிற்பவனுக்கு ஒவ்வொரு கட்டையிலும் வரும். கையுறையோ தளர்ந்த சட்டைக் கையோ அந்த நாரோடு சேர்ந்து சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும். லோடரில் ஆள் கேபினுக்குள் இருக்கிறார்; நார் அவருக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் திருத்திய பதில் இதுதான்: பழுதே வராத டிராக்டர் கூம்பை வாங்காதீர்கள், மூன்று முறை என்னைப் படுத்திய லோடர் கூம்பையே வாங்குங்கள். வாங்கும்போது, கூம்பின் அடியில் நார்த்தடுப்பு வளையம் இருக்கிறதா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் குனிந்து பாருங்கள். இல்லையென்றால், முதல் கட்டையைத் தொடுவதற்கு முன் லேத் பட்டறையில் ஒன்றைக் கடைந்து போட்டுவிடுங்கள். எனக்கு இப்போது அதைத்தான் செய்து மாட்டியிருக்கிறார்கள். நாளைக்குக் காத்திருப்பது தைலமரக் கட்டைகள்.