சந்தூர் மாங்கன்றும் அவர்களின் ஆர்டர் தளமும்

கன்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் படிப்பீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கத்து நாற்றுப்பண்ணை ஒன்றில் ஆன்லைனில் வாங்கிய பெங்களூரா, செந்தூரா மா ஒட்டுக்கன்றுகள் நல்ல தரம். ஒட்டு நன்றாகக் கூடியிருந்தது, பையில் மண் உதிரவில்லை. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 கன்று என்ற கணக்கில் வாங்கினோம், எதுவும் வாடி வரவில்லை. ஆனால் நான் எழுத வந்தது அவர்களின் ஆர்டர் தளத்தைப் பற்றி.

மத்தூர், போச்சம்பள்ளி பக்கம் தோப்புக்குள் நின்று போனில் ஆர்டர் போட்டால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், போச்சா இல்லையா தெரியாது, இன்னொரு தடவை அழுத்துவோம், இல்லையென்றால் திரையைக் கீழே இழுத்து ரெஃப்ரெஷ் பண்ணுவோம். சரியாக எழுதப்படாத தளங்களில் 40 கன்று 80 ஆவது இந்த இடத்தில்தான்.

காரணம் இது. ஃபார்மை அனுப்பும்போது பிரவுசர் நம் விவரங்களை போஸ்ட் என்ற அனுப்பும் முறையில் சர்வருக்கு, அதாவது தளம் இயங்கும் கணினிக்கு, தருகிறது. அதற்கு விடையாக சர்வர் நேரே "நன்றி" பக்கத்தைக் காட்டிவிட்டால், அந்தப் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யும்போது பழைய போஸ்ட்டே மறுபடியும் போகும். பிரவுசர் ஒரு எச்சரிக்கை காட்டும்தான், ஆனால் கன்று வாங்க வந்தவருக்கு அது என்ன புரியும்? ஆர்டரைப் பதிவு செய்ததும் 303 என்ற கோடு ("வேறு முகவரியில் போய்ப் பார்" என்று பிரவுசருக்குச் சொல்லும் எண்) கொடுத்து, ஆர்டர் எண் உள்ள வேறு முகவரிக்கு ரீடைரக்ட் செய்வதே, அதாவது திருப்பிவிடுவதே, சரியான வழி. பிரவுசர் அங்கே பக்கத்தைக் கேட்டு வாங்க மட்டும் செய்யும் கெட் முறையில் போகும், அதற்கு மேல் எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் ஆர்டரைத் திரும்பப் பார்க்கிறோம், அவ்வளவுதான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கென்று 1997இல் வந்த ஹெச்டிடிபி 1.1 விதிமுறையிலேயே 303 இருக்கிறது, இன்றைக்கும் எத்தனையோ பேர் அதைக் கண்டுகொள்வதில்லை. இவர்கள் செய்திருக்கிறார்கள். பிரவுசரில் போக்குவரத்தைக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தேன்: போஸ்ட், 303, அப்புறம் கெட். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ரீடைரக்ட் மட்டும் போதாது, பதில் வருவதற்கு முன்பே இரண்டாவது முறை அழுத்திவிட்டால் அதுவும் தனி போஸ்ட்தான். அதற்காக ஃபார்முக்குள் கண்ணுக்குத் தெரியாத, ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் எண் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, பட்டனை அடுத்தடுத்து அழுத்திப் பார்த்தேன். இரண்டு அழுத்தலும் ஒரே ஆர்டர் எண்ணில் போய் நின்றன.

போன் எண்ணில் ஓர் இலக்கத்தை விட்டுப் பார்த்தபோது, மற்ற எல்லாக் கட்டங்களும் நிரப்பியபடியே இருக்க, அந்தக் கட்டத்துக்குக் கீழே மட்டும் சிவப்பில் "எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது" என்று வந்தது. என்ன தப்பு, எங்கே தப்பு என்று நல்ல தமிழில் சொல்கிறது, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யூபிஐயில் பணம் கட்டிய கையோடு டேபை மூடினேன், அப்படியும் ஆர்டரில் "பணம் வந்தது" என்று ஏறியிருந்தது. பிரவுசர் திரும்பி வருவதை நம்பாமல், பேமென்ட் நிறுவனத்தின் சர்வர் சொல்வதை வைத்துப் பதிவு செய்தால்தான் இப்படி நடக்கும்.

குறை ஒன்று, அது பெரிய குறை. லாகின் செய்யாமல் ஃபார்மை நிரப்பி அனுப்பினால், 302 என்ற இன்னொரு ரீடைரக்ட் கோடைக் கொடுத்து ஓடிபி பக்கத்துக்குத் தள்ளுகிறது. பிரவுசர்கள் 302ஐப் பார்த்ததும் போஸ்ட்டை கெட்டாக மாற்றிவிடும், அனுப்பிய விவரங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். ஓடிபி போட்டுத் திரும்பினால் காலி ஃபார்ம். எங்கள் பக்கம் முகவரி என்றால் ஏரிக்கரை தாண்டி, மாரியம்மன் கோயில் எதிரில், வலது கை மண்ரோடு என்று நீளும். அதை மறுபடி டைப் செய்யச் சொன்னால் எங்கள் சித்தப்பா போனை வைத்துவிட்டு நேரே சந்தூருக்கே பஸ் ஏறிவிடுவார். போஸ்ட்டை போஸ்ட்டாகவே வைத்திருக்கும் 307 என்ற கோடைப் போட்டாலும் சரியாகாது, ஆர்டர் விவரமெல்லாம் ஓடிபி பக்கத்துக்குப் போய் நிற்கும். அனுப்பியதை சர்வரில் செஷனில் (அந்த ஆளுக்கென்று தற்காலிகமாக வைக்கும் குறிப்பில்) வைத்துக்கொண்டு, லாகின் முடிந்ததும் எடுத்து நிரப்பித் தர வேண்டும்.

அதே இடத்தில் ஒன்றைப் பாராட்டியும் ஆக வேண்டும். லாகினுக்குப் பிறகு திரும்பிப் போக வேண்டிய முகவரி லிங்க்கிலேயே வருகிறது, அதில் வெளித் தளம் ஒன்றின் முகவரியை வைத்துப் பார்த்தேன், அங்கே போகாமல் முகப்புக்கே கொண்டுவந்தது. வாட்ஸ்அப்பில் மோசடி லிங்க் சுற்றும் காலத்தில், நம்பிக்கையான கடையின் பெயரில் ஆரம்பித்து வேறெங்கோ கொண்டுபோய் விடும் லிங்க்கை இது தடுக்கும்.

பண்ணைக்காரரிடம் ஓடிபி விஷயத்தைச் சொல்லியிருக்கிறேன், தளம் செய்து கொடுத்த ஓசூர் தம்பியிடம் பேசுகிறேன் என்றார். அதுவரை வாங்குகிறவர்கள் முதலில் லாகின் செய்துவிட்டு அப்புறம் ஃபார்மை நிரப்புங்கள். தர்மபுரி பக்கம் பாலக்கோடு வரைக்கும் அவர்கள் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்குகிறார்கள்.